மஞ்சள் படாத சேலை

ராக்குவிடம் சேலை வாங்கிய எந்தப் பொம்பளையும், "இது யாரு கட்டுனது?" என்று கேட்டதில்லை. கேட்டால் வாங்க மனசு வராது. வாங்காவிட்டால் கட்ட ஒன்றும் இருக்காது. ஆர்.எஸ்.மங்கலத்தைச் சுற்றி அவள் தலைச்சுமையாகத் துணி கொண்டுபோன ஏழெட்டு ஊரிலும், யாரும் உட்கார்ந்து பேசி முடிக்காமல் தானாகவே நடந்துவந்த ஏற்பாடு இது.

கண்மாய் பெருகி மூன்று வருஷமாகிவிட்டது. நடவு கிடையாது, களையெடுப்பு கிடையாது, கதிரறுப்பு என்ற பேச்சே கிடையாது. ஊரில் பாதி ஆம்பளைகள் கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடப் போய்விட்டார்கள். ராக்குவின் புருஷன் பால்சாமியும் அதில் ஒருத்தன். காலையில் மனுஷனாகப் போவான். சாயங்காலம் கண்ணும் பல்லும் மட்டும் தெரிய வந்து சேருவான். மூட்டத்துப் புகை நெஞ்சில் இறங்கி, ரெண்டு வார்த்தை பேசினால் நாலு இருமல். மகள் பூமயிலுக்குப் பத்தொன்பது வயசு. ராக்கு என்னதான் செய்வாள்? வாரம் ஒருதரம் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ரயிலில் ராமேஸ்வரம் போய்வர ஆரம்பித்தாள். பாம்பனில் ரோட்டுப் பாலத்துக்குத் தூண் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. தீவுக்குப் போக ரயிலை விட்டால் வேறு வழியில்லை.

அங்கே அக்னி தீர்த்தத்தில் முங்குகிற சனம், உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவிட்டுக் கரையேறும். செய்த பாவமெல்லாம் துணியோடு போய்விடும் என்று நம்பிக்கை. பாவம் போகுமோ என்னவோ, துணி எங்கேயும் போகாது. அந்தக் கடலில் அலையே கிடையாது. விட்ட துணி விட்ட இடத்திலேயே மிதந்துகொண்டிருக்கும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதை வாரிச் சேர்க்கிற ஆட்கள் இருந்தார்கள். அவர்களிடம் ஹமீது பாய் மொத்தமாக வாங்கி, மணலில் காயப்போட்டு, வேட்டி தனி, சேலை தனி, கிழிசல் தனி என்று பிரித்து வைத்திருப்பார். திருப்புல்லாணிப் பக்கம் சேதுக்கரைக் கடலில் விடுகிற துணியும் மூட்டையாகக் கட்டி அவரிடம்தான் வந்து சேரும்.

சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தபிறகுதான் ராக்குவுக்கு வேலையே ஆரம்பம். முதலில் உப்புப் போகவேண்டும். கடல் உப்பு நூலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் லேசில் எழுந்திருக்காது. மூன்று நல்ல தண்ணீரில் அலசினால்தான் சேலை சேலையாக இருக்கும். இல்லையென்றால் வெயிலில் விறைத்துக்கொண்டு நிற்கும்; மேகம் போட்டால் கசிந்து உடம்போடு ஒட்டும். நல்ல தண்ணீருக்கு எங்கே போவாள்? வறண்ட ஊருணியில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் கோரி ஒரு குடம் சேர்க்க ஒரு பொழுதாகிவிடும். "குடிக்கிற தண்ணியில ஊரான் அழுக்க அலசுறாளே, இவ விளங்குவாளா" என்று பின்னாலிருந்து வசவு வரும். அப்படி வைதவளே மறுவாரம் வாசலில் வந்து நின்று, "எனக்கு ஒரு பச்சை நெறத்துல இருந்தா எடுத்து வையி ராக்கு" என்பாள்.

அலசிக் காயவைத்து, கிழிசலை உள்ளே மடித்துத் தைத்து, கஞ்சி போட்டு, செம்புக்குள் நெருப்புக் கங்கை அள்ளிப் போட்டுத் தேய்த்து மடிப்பாள். எல்லாம் முடிந்தபிறகு முந்தி ஓரத்தில் ஒரு துளி மஞ்சள் குழைத்து வைப்பாள். புதுச்சேலைக்கு மஞ்சள் வைத்துத்தானே கட்டுவது? வைத்துவிட்டால் பழசு புதுசாகிவிட்டது. இதற்கு முன்னால் கட்டியவள் எவளாயிருந்தாலும் அவளுக்கும் சேலைக்கும் இனி ஒட்டுமில்லை உறவுமில்லை.

அதனால் சேலை எடுக்கும்போதும் அவள் கண் முதலில் போவது முந்தி ஓரத்துக்குத்தான். பழைய மஞ்சள் சோப்புப் பட்டுச் செம்பழுப்பாகி நூலிடுக்கில் கிடக்கும். தடம் இருந்தால் கட்டிய சேலை. தடமில்லாத சேலை ஒன்றே ஒன்றுதான் அவள் கையில் அகப்பட்டது. அது ரெண்டு வருஷத்துக்கு முந்தி.

"என்ன பாய், இது பட்டா?" என்று அன்றைக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பட்டுத்தான் தாயி. சேதுக்கரை மூட்டையில வந்துச்சு. கட்டுன அடையாளமே இல்ல பாரு," என்றார் ஹமீது பாய்.

கத்தரிப்பூ நிறம். முந்தியில் சரிகையில் மாங்காய் வரிசை. ராக்கு முந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மஞ்சளும் இல்லை, குங்குமமும் இல்லை. ஒரே ஒரு மாங்காய்க்கு மட்டும் வால் விழாமல் தறியில் பிசகியிருந்தது.

"மாங்கா ஒண்ணு மொட்டையா இருக்கே பாய்."

"அதான் விலைபோகாம எவனோ கடலுக்குக் காணிக்கையா விட்டுட்டான் போல. நமக்கென்ன? ஒம் மகளுக்கு வச்சுக்க. அல்லா குடுத்ததுன்னு நெனச்சுக்க."

புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டார் போடுகிற கோடிச்சேலைக்கு மஞ்சள் வைப்பதில்லை என்பது ராக்குவுக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். ஆனால் அவள் பார்த்த ஊர்களில் கோடி என்றால் நூல் சேலை, அதுவும் கடையில் இருப்பதிலேயே மட்டமானது. பட்டில் எவன் கோடி போடுவான்? அந்த நினைப்பே அவளுக்கு வரவில்லை. மஞ்சள் படாத சேலை புதுச்சேலை என்று முடிவுகட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரயிலேறினாள். பட்டாயிற்றே என்று பயந்து ஒரே ஒரு தண்ணீரில் முக்கியெடுத்து நிழலில் உலர்த்தி, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தாள். பூமயில் கட்டுகிற அன்றைக்கு மஞ்சள் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அந்த நாள் வருவேனா என்றது. பெண் பார்த்துவிட்டுப் போன ரெண்டு இடமும் தட்டிப்போயிற்று. முதல் இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டாவது இடத்தில், "பொணத்துணி விக்கிறவ வீட்டுலயா பொண்ணெடுக்குறது" என்று வாய்விட்டே சொன்னார்கள். அதைக் கேட்டு பூமயில் ரெண்டு நாள் கஞ்சி குடிக்கவில்லை. ராக்குவுக்கு அன்றைக்கே மூட்டையைத் தூக்கிக் கிணற்றில் போட்டால் என்ன என்று வந்தது. கிணற்றிலும் தண்ணீர் இல்லை.

மூன்றாவது இடத்தை ராக்குவின் அண்ணன் கூத்தையா கொண்டுவந்தார். திருப்புல்லாணிப் பக்கத்து ஊர்.

"பையன் பேரு நாகநாதன். டிராக்டர் ஓட்டுறான். பீடிகூடக் கெடையாது. அப்பன் இல்ல, செத்து ரெண்டு வருசமாச்சு. ஆத்தாக்காரி இராமலட்சுமி வாயில்லாப் பூச்சி. அத்தைக்காரி சோணையம்மாதான் கொஞ்சம் நாக்கு நீளம். வர்ற வியாழக்கெழமை பூ வைக்க வாராக," என்றார்.

"நம்ம தொழிலுக்கு என்னண்ணே சொன்ன?"

"ஜவுளி வியாபாரம்னு சொன்னேன்."

"ஆத்தீ! என்னண்ணே இப்பிடிச் சொல்லிட்டு வந்து நிக்கிற?"

"பின்ன? என் தங்கச்சி கடல்ல விட்டத வித்துப் பிழைக்கிறான்னு தமுக்கடிக்கச் சொல்றியா? நீ விக்கிறது ஜவுளியா, மாட்டுத்தீவனமா?"

"நாளைக்குத் தெரிஞ்சா எம் புள்ள வாழ்க்கை என்னாகும்?"

"தெரியும்போது பாத்துக்கலாம் போ. தாலி கழுத்துல ஏறுற வரைக்கும் அந்த மூட்டைய யாரு கண்ணுலயும் காட்டாத."

பால்சாமி இருமி முடித்துவிட்டு, "இதுவும் தட்டிப்போச்சுன்னா எம் மக யாரு முகத்துலயும் முழிக்க மாட்டா" என்றான். ராக்கு எழுந்துபோய் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்த பட்டை எடுத்து வெளியே வைத்தாள்.

வியாழக்கிழமை விடியும்போதே வானம் மூடிக்கொண்டது. மூன்று வருஷம் வராத மேகம் இன்றைக்குத்தானா வரவேண்டும் என்று ராக்குவுக்கு எரிச்சல். கொடியில் கிடந்ததையெல்லாம் உருவி, மூட்டைகளோடு சேர்த்துக் கொல்லைப்புறத்து ஆட்டுக் கொட்டகையில் அடுக்கி, மேலே பனையோலைப் பாயைப் போட்டு மூடினாள். பால்சாமி வேப்பங்குச்சியால் நகத்துக் கரியைக் குடைந்துகொண்டிருந்தான். அது போனபாடில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பதினோரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வாசலில் ஜமுக்காளம் விரித்து உட்காரவைத்து, கூத்தையா மழையைப் பற்றிப் பேச்சை ஆரம்பித்தார். இராமலட்சுமி மட்டும் அங்கே உட்காரவில்லை. நேரே கொல்லைப்புறத்துக்கு வந்துவிட்டாள். ராக்கு அடுப்பில் பணியாரச் சட்டியோடு மல்லாடிக்கொண்டிருந்தாள்.

"என்ன மதினி, நீங்க இங்கன வந்துட்டீக? அங்கன வந்து உக்காருங்க."

"பூ வைக்கிற எடத்துல நான் எதுக்கு மதினி? சோணையம்மா மதினி இருக்காகள்ல, அவுக பாத்துக்கிருவாக. அந்தக் கம்பிய இப்பிடிக் குடுங்க. நீங்க ஒத்தையில எத்தனையத்தான் பாப்பீக."

வாங்கிய கையோடு பணியாரத்தைத் திருப்பிப்போட ஆரம்பித்துவிட்டாள். ஒடிசலான உடம்பு. உடுத்தியிருந்த நூல் சேலை துவைத்துத் துவைத்து நிறம் போயிருந்தது. ராக்குவின் கை தன்னையறியாமல் அதன் நூலைக் கணக்குப் போட்டது. இன்னும் ஒரு வருஷம் தாங்கும். தொழில் புத்தி எங்கே போகும்?

"கருப்பட்டி நல்லா வாசமா இருக்கு. மாரியூர்க் கருப்பட்டியா?" என்றாள் இராமலட்சுமி.

"ஆமா மதினி, சாயல்குடிச் சந்தையில வாங்குனதுன்னு அண்ணன் கொண்டாந்துச்சு."

"அவுகளுக்கும் கருப்பட்டிப் பணியாரம்னா உசுரு," என்று செத்துப்போன புருஷனைச் சொல்லிவிட்டு, இராமலட்சுமி அடுத்த பணியாரத்தைத் திருப்பினாள்.

ராக்குவுக்கு மனசு கொஞ்சம் இளகியது. இப்படி ஒரு மாமியார் கிடைத்தால் பூமயில் பிழைத்துக்கொள்வாள். பொய் சொல்லி இவளை ஏமாற்றுகிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பூமயில் உள்ளேயிருந்து வந்தாள்.

"எம்மா, இந்தச் சேலை ஈரமா இருக்கும்மா. மேலுல ஒட்டுது. கொசுவமே நிக்கல."

"ஈரமெங்க இருக்கு? மேகத்துக்கு அப்பிடித்தான் இருக்கும். இங்கிட்டு வா, சரிபண்றேன்," என்று ராக்கு அவசரமாக மகளைத் தன் பக்கம் இழுத்தாள்.

இராமலட்சுமி தலையைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடி இருந்தாள். சட்டியில் பணியாரம் கருகி வாசம் வந்தது, அவள் திருப்பிப்போடவில்லை. எழுந்து வந்து பூமயிலின் முந்தியைக் கையிலெடுத்து மாங்காய்களை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிக்கொண்டே போனாள். வாலில்லாத மாங்காயில் விரல் நின்றது.

"மஞ்ச வைக்கலையா மதினி?"

"இப்ப வைக்கணும். இன்னைக்குத்தான் மொதமொத கட்டுறா. புதுசு."

இராமலட்சுமி முந்தியைக் கட்டைவிரலால் தேய்த்து, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"நீ உள்ள போ தாயி," என்று பூமயிலை அனுப்பிவிட்டு இராமலட்சுமி மெதுவாகச் சொன்னாள். "உப்புக் கரிக்குது மதினி. இது சேதுக்கரையில விட்ட சேலை."

போச்சு. ராக்கு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மதினி, உங்க கால்ல விழுறேன். ஜவுளி வியாபாரம்னு சொன்னது பொய்யிதான். ராமேஸ்வரத்துல விட்ட துணிய வாங்கியாந்து அலசி விக்கிறேன். மழை இல்ல, வயக்காட்டுல வேலை இல்ல, என்ன செய்யச் சொல்றீக? இது மட்டும் கட்டாத சேலைன்னு நெனச்சுத்தான் புள்ளைக்கு எடுத்து வச்சேன். மஞ்சத் தடமே இல்ல, வேணா பாருங்க. எம் புள்ளைக்கு இதுல ஒண்ணும் தெரியாது. கல்யாணத்த மட்டும் நிறுத்திறாதீக."

"மஞ்ச எப்பிடி இருக்கும்? இது கோடிச்சேலையாச்சே," என்றாள் இராமலட்சுமி. "என் கோடி."

ராக்குவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இராமலட்சுமி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவுமில்லை, அழவுமில்லை. நெடுநாள் மூட்டையைத் தூக்கி வந்தவள் ஓரிடத்தில் இறக்கி வைப்பது போலச் சொன்னாள்.

"என் தம்பி பரமக்குடியில தறிக்காரவுககிட்ட நூல் சுத்துறான். இந்த மாங்கா பிசகிப்போச்சுன்னு அவனுக்குக் கொறச்சுக் குடுத்துருக்காக. என் கல்யாணத்துக்குப் பட்டெடுக்க அவனுக்கு வக்கில்ல. இருவத்தேழு வருசம் கழிச்சு, இவுக கருமாதிக்குக் கோடியா எடுத்துட்டு வந்தான். 'ஒரு பட்டாவது ஒன் மேல படட்டும்க்கா'ன்னு அழுதான். எல்லாரும் அவன வஞ்சாக, பட்டுலயாடா கோடி போடுவன்னு. ஒரு மணி நேரம் கட்டியிருந்தேன். சுத்தி உக்காந்து ஒப்பாரி வைக்கிறாக. நான் குனிஞ்சு இந்த மொட்ட மாங்காயத்தான் பாத்துக்கிட்டு அழுதேன். அவுகள நெனச்சு அழல மதினி. இம்புட்டு நல்ல சேலைய இன்னைக்கா நான் கட்டணும்னு அழுதேன். இத நான் யாருட்டயும் சொன்னதில்ல."

"மதினி..."

"மறுநா சாம்பலக் கரைக்கச் சேதுக்கரைக்குப் போனோம். கோடி வீட்டுல கெடக்கக் கூடாதுன்னு சோணையம்மா மதினி சொன்னாக. கடல்ல விட்டேன். திரும்பிப் பாக்காம வரணும்னாக. நான் திரும்பிப் பாத்தேன்."

ராக்கு தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, மாமனார் கருமாதிக்குப் போட்ட கோடிய எம் புள்ளைக்கு நானே கட்டிவிட்டேனே! நான் ஒரு தாயா?"

"தெரிஞ்சா செஞ்சீக? எந்திரிங்க. அங்கன நேரமாகுது. வேற என்ன சேலை இருக்கு?"

"பெட்டியில ஒண்ணுமில்ல மதினி. எல்லாம் விட்ட துணிதான்."

"அதத்தான் கேக்குறேன். எங்க வச்சிருக்கீக?"

ராக்கு அவளை ஆட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்ப் பாயை விலக்கினாள். இராமலட்சுமி குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொரு சேலையாக எடுத்து, நூலைத் தடவி, வெளிச்சத்தில் பிடித்து, முந்தி ஓரத்தைப் பார்த்தாள். எட்டு ஊர் சுற்றிய ராக்குகூட அத்தனை பதமாகப் பார்த்ததில்லை.

"இது எல்லாத்துக்கும் மஞ்ச வச்சுத்தான் குடுப்பீகளா?"

"வைக்காம ஒரு சேலையும் கைமாத்துனதில்ல மதினி. வாங்குறவுகளுக்கு ஒரு மனத்திருப்தி."

அரக்குச் சிவப்பில் ஒரு சுங்கடி கையில் வந்தது. மெலிந்து, பூவிதழ் மாதிரி மெத்தென்று இருந்தது. ஓரத்தில் ரெண்டு இடத்தில் ஊக்குக் குத்திய ஓட்டை. முந்தியில் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள் தடம், எத்தனை துவைப்புக்கும் போகாமல் அப்படியே கிடந்தது.

"இந்தா பாருங்க, கை கொள்ளாம அப்பியிருக்கா. ஊக்கு வேற குத்தியிருக்கா, இடுப்புல புள்ளைய வச்சுக்கிட்டே வேலை செஞ்சவ போல. எவளோ ஒருத்தி நல்லா வாழ்ந்து கட்டித் தேச்ச சேலை," என்றாள் இராமலட்சுமி. "இதக் கட்டிவிடுங்க எம் மருமகளுக்கு."

மருமகள் என்ற வார்த்தையைக் கேட்டதும் ராக்குவுக்கு அடக்கி வைத்திருந்த அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. அழ நேரமில்லை. மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே ஓடினாள்.

பூமயில் சுங்கடியில் வந்து ஜமுக்காளத்தில் விழுந்து கும்பிட்டாள். சோணையம்மாள் பூப்பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன கூத்தையாண்ணே, ஜவுளி யாவாரம்னீக. பொண்ணுக்கு உடுத்த ஒரு புதுச்சேலைக்கு வழியில்லையா?"

கூத்தையா வாயில் வெற்றிலையை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். பால்சாமி இரும ஆரம்பித்தான்.

"நான்தான் மதினி அதக் கட்டச் சொன்னேன்," என்று கொல்லைக் கதவோரத்திலிருந்து குரல் வந்தது. "எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. நீங்க பூவ வைங்க."

வந்திருந்த சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. இராமலட்சுமி நாலு பேர் முன்னால் பேசி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. மாப்பிள்ளை நாகநாதனே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். சோணையம்மாள் பூவை வைத்தாள்.

சாப்பாடு முடிந்து, தை மாதம் முகூர்த்தம் பார்ப்பதென்று பேசி எல்லாரும் எழுந்தபோது மணி நாலரை. மழை நாலு தூற்றலோடு போய்விட்டது. ஊருணிக்கு அது எந்த மூலைக்கு? ராக்குவுக்கு உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. கொல்லைப்புறத்தில் கத்தரிப்பூப் பட்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். பின்னாலேயே இராமலட்சுமி வந்தாள்.

"அத என்ன செய்யப் போறீக?"

"அடுப்புல போட்டுறலாம்னு பாக்குறேன் மதினி. இனி இத யாருக்குக் குடுக்க?"

"பட்ட எரிப்பாகளா? எனக்குக் குடுங்க."

ராக்கு திகைத்துப்போனாள். "கடல்ல விட்டதத் திரும்ப எடுக்கலாமா மதினி? பாத்தா நாலு பேரு என்ன சொல்லுவாக?"

"ஊரெல்லாம் எடுத்துத்தான கட்டுது. நீங்கதான குடுக்குறீக. எனக்கு மட்டும் என்ன?"

ராக்கு சேலையை நீவி, நாலாக மடித்து நீட்டினாள். இராமலட்சுமி வாங்கவில்லை. முந்தி ஓரத்தை மட்டும் பிரித்து, மொட்டை மாங்காய் மேலே தெரிய ராக்குவின் முன்னால் பிடித்தாள்.

"மஞ்ச வைக்காம ஒண்ணையும் கைமாத்துனதில்லன்னீக. இதுக்கும் வச்சுக் குடுங்க."

தாலியறுத்தவள் மஞ்சள் கேட்டு ராக்கு இதுவரை கேள்விப்பட்டதில்லை. வாசல் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. கல்லில் மஞ்சளை உரசினாள். ஒரு விரல் தொட்டு வால் இல்லாத மாங்காய்க்குப் பக்கத்தில் வைத்தாள். கத்தரிப்பூ நிறத்தில் அது பளிச்சென்று தெரிந்தது.

வாசலிலிருந்து சோணையம்மாள் கத்தினாள். "ஏ இராமலட்சுமி! பஸ்சு வந்துருச்சு, அங்கன என்ன பண்ற?"

இராமலட்சுமி முந்தியை வாய்க்கு நேரே பிடித்து ஊதிக்கொண்டிருந்தாள்.

"நீங்க போங்க மதினி," என்று திரும்பாமலே குரல் கொடுத்தாள். "ஈரத்தோட மடிச்சா கலைஞ்சு போகும். நான் அடுத்த பஸ்சுல வாரேன்."